அசையாத நாற்பது நிமிஷம்

பேசக் கூடாது. இருமக் கூடாது. ஸ்டூலில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ந்து உட்காரக் கூடாது, போன மாசம் நான் அப்படிச் சாய்ந்தபோது திரையில் பச்சைக் கோடு தவளை மாதிரி எகிறியது, முனி பல்லைக் கடித்துக்கொண்டு, "உன் வெயிட்டப் பார்த்து நோஞ்சானுக்கு மயக்கமே வந்திருச்சுடி" என்றாள். அப்போதெல்லாம் முனி கிண்டல் பண்ணுவாள். இப்போது எனக்கு முன்னால் லேப்டாப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற முனியின் முதுகு கிண்டல் பண்ணுகிற முதுகு இல்லை. பன்னிரண்டே காலுக்கு ஆரம்பித்தோம். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு முடியும். ஐம்பத்தைந்துக்கு வஹீதா மேடம் வருவார், முனி தன் லேப் கோட்டின் பையில் நாலாக மடித்து வைத்திருக்கிற லெட்டரை எடுத்துக் கொடுப்பாள், அதில் 'எனக்கு டி.சி. தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதியிருக்கிறது. காலையில் மெஸ்ஸில் காட்டினாள். படிப்பை நிறுத்திவிட்டு மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போகிறாளாம். "அங்க கை நடுங்கினா யாருக்கும் தெரியாது பிரிசி, மாம்பழத்துக்கு என்ன தெரியும்" என்றாள். நான் இட்லியை வாயில் வைத்துக்கொண்டு மாம்பழம் மாதிரி ஒரு குரல் கொடுத்தேன். மாம்பழத்துக்கு என்ன குரல்? எனக்கே தெரியாது, ஏதோ கொழகொழவென்று ஒன்று வந்தது. அவள் சிரிக்கவில்லை. கோட்டின் வெள்ளைத் துணி வழியாக லெட்டரின் மடிப்பு இங்கிருந்தே தெரிகிறது. இந்த இருட்டு ஸ்டோர் ரூமில் லேப்டாப் வெளிச்சம் அதன்மேல்தான் போய் விழுந்து தொலைகிறது. மணி பன்னிரண்டு இருபத்தொன்று. என் தொண்டைக்குள் ஒரு பஸ் ஸ்டாண்டே இருக்கிறது, ஓசூர் ஓசூர் ஓசூர், தர்மபுரி பைபாஸ் ஏறு ஏறு, எல்லாக் குரலும் கதவைத் தட்டுகின்றன, எதையும் வெளியே விடக் கூடாது. காலேஜில் என்னை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்விட்ச் இல்லாத ரேடியோ. இதோ, ஸ்விட்ச் வைத்தாயிற்று. நாற்பது நிமிஷம்.

நோஞ்சான் என்பது எங்கள் இன்டர்ஃபெரோமீட்டருக்கு நாங்கள் வைத்த பேர். எது பட்டாலும் அதற்கு உடம்புக்கு முடியாமல் போய்விடும், அதனால். ஒரு லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து இரண்டு கண்ணாடிக்கு அனுப்பி, திரும்பி வருகிறதை ஒன்றாகச் சேர்த்தால் வெளிச்சமும் இருட்டுமாய் வரிகள் வரும், கண்ணாடி ஒரு தலைமுடியின் நூறில் ஒரு பங்கு நகர்ந்தால்கூட வரிகள் ஓடும், அவ்வளவுதான் விஷயம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. பாலில் யூரியா கலந்திருக்கிறதா என்று ஒளியை வைத்தே சொல்லிவிடுகிற மெஷின் பெரிய ஆஸ்பத்திரி சைஸ் லேப்களில் இருக்கிறது, அதை ஒரு ஊர்ப் பால் சொசைட்டி மேஜையில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்டார் வஹீதா மேடம். அதற்குக் கண்ணாடி நகர வேண்டும். மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கீழ் உதட்டை லேசாகக் கடித்து, "நகரணும், ஆடக் கூடாது. புரியுதா, புரியலையா, புரிஞ்ச மாதிரி இருக்கா?" என்பார். இந்தக் குரலை நான் முதல் செமஸ்டரிலேயே எடுத்துவிட்டேன், கஷ்டமே இல்லை, மூக்கில் பாதி, கடித்த உதட்டில் பாதி. ஒரு தடவை கதவுக்குப் பின்னால் நின்று அதே குரலில் "முனிலட்சுமி, உன் அட்டெண்டன்ஸ் பத்திப் பேசணும்" என்றேன், முனி கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரோடு எழுந்து நின்று "சாரி மேடம்" என்றாள், அன்றைக்கு இரண்டு பேரும் தரையில் உருண்டு சிரித்தோம். தரை. இதே தரை. இந்தத் தரையில்தான் கிரானைட் பாலிஷ் யூனிட்டில் வேண்டாம் என்று ஒதுக்கின கறுப்புப் பலகையை நாலு பேர் தூக்கி வந்து போட்டோம், நடுவில் வெள்ளையாய் ஒரு நரம்பு ஓடுகிறது, அதனால் அது யார் வீட்டுச் சமையல் மேடைக்கும் ஆகாது, எங்களுக்கு ஆகும். அதற்குக் கீழே பாதி காற்றடித்த ஸ்கூட்டர் டியூப். மேலே மீன் வாங்கி வந்த தெர்மாகோல் பெட்டி, எவ்வளவு கழுவியும் போகாத அயிலை வாசனை. உள்ளே லேசர், கடைத்தெருவில் பிள்ளைகள் சுவரில் பூனையை ஓடவிடுகிற அதே சிவப்பு லைட். கண்ணாடியை நகர்த்துவதற்குப் பழைய ஸ்பீக்கரின் கம்பிச் சுருள். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். முனி செய்தது வேறு. நகராட்சிப் பூங்காவில் நானும் அவளும் ஏற்ற இறக்கப் பலகையில் உட்கார்ந்து உப்பு மிளகாய்த்தூள் போட்ட கிளிமூக்கு மாங்காய் தின்றுகொண்டிருந்தோம், ரோட்டில் ஜல்லி லாரி போனது, பூங்காவே அதிர்ந்தது, முனி கடித்த மாங்காயோடு அப்படியே இருந்துவிட்டாள். "பிரிசி, லாரி போறப்ப நீயும் ஆடினே, நானும் ஆடினேன், ஆனா நமக்கு நடுவுல எதுவும் மாறலடி" என்றாள். எனக்குப் புரியவில்லை, லாரி மாதிரி ஹாரன் அடித்துக் காட்டினேன். மறுநாள் அவள் தராசுக் கோல் மாதிரி ஒரு கைக்கு இரண்டு கண்ணாடியையும் மாட்டிவிட்டாள். ஒரே கை, நடுவில் அச்சு, ஹேக்ஸா பிளேடை வெட்டி அதுதான் ஸ்பிரிங். ஒரு கண்ணாடி முன்னால் போனால் இன்னொன்று பின்னால் வரும். மேஜை அதிர்ந்தால் இரண்டும் சேர்ந்து அதிரும், கழித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. கண்ணாடியும் சாதாரணக் கண்ணாடி இல்லை, மூன்று சின்னக் கண்ணாடியைச் சுவர் சுவர் தரை என்று மூலை மாதிரி ஒட்டினது, அது எப்படிச் சாய்ந்தாலும் வந்த வழியே ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு பக்கத்துக்கு மூன்று, இரண்டு பக்கத்துக்கு ஆறு. ஆறு கண்ணாடியையும் முனி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினாள். அந்தக் கை. எவ்வளவு நல்ல கை. பச்சைக் கோடு கண்ணாடி எவ்வளவு சீராக நகர்கிறது என்பதைக் காட்டும், சீராக நகர்ந்தால் கோடு நேர், ஆடினால் கோடு கிறுக்கும். அன்றைக்கு முதல் தடவையாகக் கோடு தண்டவாளம் மாதிரி போனது. மேடம் எதுவும் சொல்லாமல் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "புரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இப்போதும் அப்படித்தான் போகிறது. பன்னிரண்டு இருபத்தெட்டு. தண்டவாளம். போகாதே, தயவுசெய்து இவ்வளவு நேராகப் போகாதே.

வெளி வராந்தாவில் சுவரோரமாய் ஒரு பிவிசி குழாயின் வாய் இருக்கிறது. இந்த ரூமில் முன்பு கழுவுதொட்டி இருந்ததாம், தொட்டியைப் பிடுங்கிவிட்டார்கள், குழாயை மறந்துவிட்டார்கள், அதன் இன்னொரு வாய் கிரானைட் பலகைக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. அதை நான் கண்டுபிடித்திருக்கவே கூடாது. கண்டுபிடித்த அன்று வெள்ளிக்கிழமை, எங்கள் தண்டவாளம் வந்து நாலாவது நாள், முனி உள்ளே ஒருத்தியாக ஓட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் போரடித்தது. அவ்வளவுதான் காரணம், யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு காரணமே கிடைக்கவில்லை. வராந்தாவில் குப்புறப் படுத்து, குழாயில் வாயை வைத்து, ஹாஸ்டல் போர்வெல் மோட்டார் மாதிரி ங்ங்ங் என்று ஆரம்பித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதியை ஏற்றினேன். ஒரு இடத்தில் உள்ளேயிருந்து, "ஐயையோ, நோஞ்சானுக்கு வலிப்பு!" என்று அலறினாள் முனி. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஒரு மனுஷனை ஏமாற்றுவது பெரிய விஷயம் இல்லை, வாட்ச்மேன் நாராயணப்பாவைத் தெலுங்குத் தமிழில் பிரின்சிபால் மாதிரி கூப்பிட்டு கேட்டைத் திறக்க வைத்தவள் நான். ஒரு மெஷினை ஏமாற்றுவது! எந்தச் சுருதிக்கு அந்தப் பிளேடு ஆடும் என்று என் தொண்டை கண்டுபிடித்துவிட்டதே! வாயெல்லாம் குழாய்த் தூசியோடு எழுந்து உள்ளே ஓடினேன், சொல்லத்தான் ஓடினேன், சத்தியமாக. கதவைத் திறந்தால் முனி இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "பிரிசி, என் கை நடுங்குதா பாரு" என்றாள். நடுங்கவில்லை. நான் பார்க்கவே இல்லை, அதுதான் உண்மை, பார்க்காமலே, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குகிற மாதிரி விரலால் இறக்கி, கீழ் உதட்டைக் கடித்து, மேடம் குரலில், "லேசா நடுங்குது. புரியுதா, புரியலையா, புரிஞ்ச மாதிரி இருக்கா?" என்றேன். அவள் கையை மடக்கிக்கொண்டாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். "அப்ப சரி" என்றாள். அப்ப சரி. அந்த இரண்டு வார்த்தையை மட்டும் என்னால் அவள் குரலில் சொல்லிப் பார்க்க முடியவில்லை, ராத்திரியில் போர்வைக்குள் முயன்று பார்த்தேன், வரவில்லை.

முனியின் அப்பா பதினாறு வருஷம் குவாரியில் டிரில் மெஷின் பிடித்தவர். மெஷின் நின்ற பிறகும் அவர் கை நிற்கவில்லை. டம்ளரில் பாதிக்கு மேல் டீ ஊற்ற மாட்டார்கள் அவருக்கு, பாதியும் சட்டையில்தான் போகும். ஒரு தடவை ஹாஸ்டலுக்கு மகளைப் பார்க்க வந்தவர் விசிட்டர் நோட்டில் கையெழுத்துப் போட முடியாமல் கட்டைவிரலை நீட்டினார், விரல் இங்க் பேடைத் தேடித் தேடித் தொட்டது. அன்று ராத்திரி மெஸ்ஸில் நான் அதை நடித்துக் காட்டினேன். ஆமாம், நான்தான். டம்ளரை எடுத்து, வாய்க்குக் கொண்டுபோய், மூக்கில் இடித்து, "ஏம்மா, டம்ளரு ஏம்மா ஆடுது" என்று அவர் குரலில். பெஞ்சே சிரித்தது. தட்டோடு வாசலில் நின்ற முனியும் சிரித்தாள். அவளும் சிரித்தாளே, அவளே சிரித்தாளே என்று நான் எத்தனை நாளாக எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, அவள் சின்ன வயசிலிருந்தே தினம் காலையில் எழுந்ததும் கையை நீட்டிப் பார்த்துக்கொள்கிறவள், அது ஒட்டுவாரொட்டி இல்லை, ரத்தத்தில் வருகிறதும் இல்லை, மெஷின் பிடித்தவர் கைக்கு மட்டும்தான் வரும் என்று டாக்டர் சொல்லியும் நம்பாதவள். நான் குழாயில் ங்ங்ங் என்றதும் அவள் லேசரைப் பார்க்கவில்லை, பிளேடைப் பார்க்கவில்லை, டியூபில் காற்று இறங்கியதா என்று பார்க்கவில்லை, நேராகத் தன் கையைத்தான் பார்த்தாள். ஒட்டும்போது கை நடுங்கியிருக்கும், கண்ணாடி சரியாக ஒட்டியிருக்காது, அதனால் ஆடுகிறது. கணக்கு முடிந்தது. பிரித்தாள், மறுபடி ஒட்டினாள். நான் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வேறு ஒன்று செய்தேன், அதைச் செய்யும்போது எனக்கு நான் ரொம்ப நல்லவளாகத் தெரிந்தேன். அவள் கிளாஸில் இருக்கிற நேரமாகப் பார்த்து, நோஞ்சான் தானாக ஓடிக்கொண்டிருக்கும்போது, குழாயில் ஊதினேன். தான் கிட்டவே இல்லாதபோதும் ஆடியிருக்கிறது, அப்படியென்றால் கை இல்லை என்று அவள் நினைப்பாள் அல்லவா? அவள் வந்து பதிவைப் பார்த்தாள். நோட்டில் சிவப்புப் பேனாவால் தேதியும் நேரமும் எழுதினாள். "நான் தொடாதப்பவும் ஆடுது பிரிசி. அப்ப ஒட்டினதுதான் தப்பு. என் கைதான்" என்றாள். இல்லை என்று காட்டுவதற்காக இன்னொரு தடவை ஊதினேன், வேறு நேரத்தில். மறுபடியும் சிவப்புப் பேனா. ஒவ்வொரு தடவை ஊதும்போதும் இதோடு அவள் கையைச் சந்தேகப்படுவதை விட்டுவிடுவாள், பிளேடைச் சந்தேகப்படுவாள், தரையை, குவாரியை, என்னைச் சந்தேகப்படுவாள் என்று நினைத்தேன். ஆறு தடவை. முதல் வெள்ளிக்கிழமையைச் சேர்த்து ஆறு. ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, வராந்தா சிமெண்ட் கன்னத்தில் சுட்டது உட்பட. பன்னிரண்டு முப்பத்தாறு. முனி சுவரோரக் குழாயைப் பார்க்கவில்லை, திரையில் பச்சைக் கோட்டைப் பார்க்கிறாள். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்றும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். "கடைசியா ஒரு தடவ ஓட்டிப் பாத்துருவோம். ஆனா இந்தத் தடவ நீ ஒட்டு" என்றாள். என் கையா, என் கையால் ஒரு பொட்டைக்கூட நடுவில் ஒட்ட முடியாதே என்றேன். "பரவால்ல. உன் கை ஆடாது" என்றாள். ஆறு சின்னக் கண்ணாடி, ஒவ்வொன்றும் சீட்டாட்டச் சீட்டின் மூலை அளவு, ஒட்டுப் பசை காய்வதற்குள் மூலை சரியாக நிற்க வேண்டும், நான் ஒட்டும்போது அவள் வாயால் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள், இடது பக்கம், இன்னும், நிறுத்து, மூச்சு விடாத, இப்ப விடு. எவ்வளவு தெரிந்திருக்கிறது இவளுக்கு! அவள் கையில் இருந்ததெல்லாம் வாயில் வந்துகொண்டிருந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒட்டினேன், எனக்குள் ஒரு சந்தோஷம்கூட, அப்பாடா, இனிமேல் குழாய் பக்கம் போக மாட்டேன், நாளைக்குக் கோடு நேராகப் போகும், எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது, முனி லெட்டரைக் கிழிப்பாள், பூங்காவுக்குப் போய் மாங்காய் தின்போம். மடச்சி. நான் எவ்வளவு பெரிய மடச்சி என்பது பன்னிரண்டு பதினெட்டுக்குத்தான் எனக்குத் தெரிந்தது, கோடு நேராகப் போக ஆரம்பித்த மூன்றாவது நிமிஷம், முனியின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியபோது. பிரிசி ஒட்டினால் ஆடவில்லை. முனி ஒட்டினால் ஆடுகிறது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? கோடு நேராகப் போகிற ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்கு எதிராகக் கையெழுத்துப் போடுகிறது. இது ஆடினால் மெஷின் தோற்றது, ஆடாவிட்டால் அவள் தோற்றாள். மேடம் வந்து, புரியுது என்பார். முனியும், எனக்கும் புரிஞ்சிருச்சு மேடம் என்று லெட்டரைக் கொடுப்பாள். என் பேரை மட்டும் போட்டு நோஞ்சான் காலேஜ்களுக்கான கண்டுபிடிப்புப் போட்டிக்குப் போகும், மேடையில் என்னைக் கூப்பிடுவார்கள், யாருடைய யோசனை இந்த ஒற்றைக் கை என்று கேட்பார்கள், நான் யார் குரலில் பதில் சொல்வேன்? சரி, இப்போதே சொல்லிவிடலாமே. முனி, நான்தான்டி. இரண்டு வார்த்தை. ஆனால் அதை அவள் நம்புவாளா? நான் பேசுகிற எதையும் யாரும் முழுசாக நம்புவதில்லை, நம்பக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை குரல் சேர்த்து வைத்திருக்கிறேன்? 'என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு கதை விடறே' என்பாள். 'போடி ரேடியோ' என்பாள். எழுந்து லேப் கோட்டை உதறுவாள். பன்னிரண்டு நாற்பத்தைந்து. தெர்மாகோல் பெட்டிக்குள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் ஒரு நூல் அளவுக்குக் கசிகிறது. எங்கள் இரண்டு பேரின் மூச்சுச் சூட்டுக்கே இந்த ரூம் வெந்துகொண்டிருக்கிறது. அயிலை வாசனை. கழுத்தில் வேர்வை இறங்குகிறது, துடைக்கக் கூடாது. துடைத்தால் என்ன? துடைத்தால் ஆடும். ஆடினால் என்ன?

ஆடினால் என்ன. இதை ஏன் இவ்வளவு நேரம் யோசிக்கவில்லை? நோஞ்சான் பொய் சொல்லாது, நான்தான் சொல்வேன், நோஞ்சானுக்கு என்ன கொடுக்கிறோமோ அதை அப்படியே எழுதும். பன்னிரண்டு ஐம்பத்தொன்று. நாலு நிமிஷம் இருக்கிறது. நாலு நிமிஷம் சும்மா இருந்தால் ஒன்றரை வருஷத்தின் மிக நல்ல ஓட்டம் இது, மேடம் இதைத்தான் போட்டிக்கு அனுப்பச் சொன்னார். முனியின் விரல்கள் தொடைக்குக் கீழிருந்து வெளியே வருகின்றன. வலது கை கோட்டுப் பையை நோக்கிப் போகிறது. லெட்டரின் நுனி வெள்ளையாய் வெளியே வருகிறது. அந்தச் சுருதி எங்கே, போர்வெல் மோட்டாரிலிருந்து கொஞ்சம் மேலே, பஸ் நியூட்ரலில் நிற்கிறதுக்குக் கொஞ்சம் கீழே, இதோ, குனிந்து குழாய்க்குப் போக வேண்டாம், இங்கிருந்தே, ங்ங்ங்.

கோடு நெளிந்தது. இன்னும் கொஞ்சம் மேலே. கோடு வெடித்துக் கிறுக்கியது, திரை முழுக்கப் பச்சை முடி. நான் நிறுத்தினேன், கோடு அடங்கியது. மறுபடி கொடுத்தேன், மறுபடி கிறுக்கியது. முனி திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே, "நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். "மறுபடி." ங்ங்ங். "நிறுத்து." பிறகுதான் திரும்பினாள். லேப்டாப் வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை.

"எங்கேருந்து?"

"வராந்தா. கொழாய்ல வாய வெச்சு."

"எத்தன தடவ?"

"ஆறு."

அவள் நோட்டை எடுத்தாள், சிவப்புப் பேனா எழுதின பக்கத்தை லேப்டாப் வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். அந்தப் பக்கத்தை இதுவரை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. "வெள்ளி, பதினொன்னே கால்" என்றாள். ஆமா என்றேன். "செவ்வாய், ரெண்டு பத்து." ஆமா. ஒவ்வொன்றாக வாசித்தாள், நடுவில் சிலதுக்கு நான் வாய் திறக்கவில்லை. வாசித்து முடித்துவிட்டு விரலால் எண்ணினாள்.

"ஒன்பது இருக்கு பிரிசி."

"நான் ஆறுதான்."

"மீதி மூணு?"

"தெரியாது. சத்தியமா தெரியாதுடி."

"யாரு குரல்ல சத்தியம் பண்றே?"

அப்போதுதான் பார்த்தேன், நோட்டின் மேல் அவள் வலது கையை இடது கை பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று. அந்த மூன்றையும் என் தலையில் போட்டுக்கொண்டால் என்ன? மூன்று பொய், அவள் கைக்கு விடுதலை. "சரி, ஒன்பதும் நான்தான்" என்றேன், "மறந்துட்டேன், ஒன்பது தடவையும் நான்தான்." என் வாழ்க்கையில் நான் விட்டதிலேயே நல்ல கதை அது. முனி பக்கத்தைத் தடவினாள்.

"பதினாலாந்தேதி நீ இங்க இல்ல. உங்க ஊர் தேர்த் திருவிழான்னு போயிருந்தே. எனக்கு அதிரசம் கொண்டாந்தே."

தூரத்தில் குவாரியில் ஒரு மணி வெடி வைத்தார்கள், ஜன்னல் கம்பி கிணுகிணுத்தது, கோடு ஒரே ஒரு துள்ளு துள்ளிவிட்டு மூச்சு விடுகிற நேரத்துக்குள் நேரானது. முனி அதைப் பார்த்தாள். குனிந்து, '1.00, வெடி' என்று எழுதினாள். காரணம் தெரியாத மூன்றுக்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி போட்டாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு வலது கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள், விரல்களை விரித்து, அன்றைக்கு நீட்டின மாதிரியே.

"இப்ப பாத்துச் சொல்லு. நடுங்குதா?"

இந்தத் தடவை பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். நடுவிரல் நுனி.

"நடுங்குது" என்றேன்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் என் கையையும் அதன் பக்கத்தில் நீட்டினேன். என் கை அதைவிட மோசமாக ஆடிக்கொண்டிருந்தது. முனி இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உனக்கு எதுக்குடி நடுங்குது?"

ஐந்து நிமிஷம் பிந்திக் கதவு தட்டப்பட்டது. "முனிலட்சுமி? முடிஞ்சுதா, முடியலையா?" வஹீதா மேடம்தான், நிஜ மேடம். லெட்டர் கோட்டுப் பையிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முனி அதை உள்ளே தள்ளவும் இல்லை, எடுக்கவும் இல்லை. என் பக்கம் திரும்பாமலே திரையில் மறுபடி முதலிலிருந்து ஓட விட்டாள்.

"இல்ல மேடம்" என்றாள் கதவைப் பார்த்து. "இன்னும் நாப்பது நிமிஷம்."